கல்லூரியில் புகார்: வாயால் சொல்லாதீங்க, எழுதிக் கொடுங்க

1/ கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கல்லூரி படிக்கிற பிள்ளை இருந்தா கடைசி வரை படிங்க. மருந்து, மாத்திரை பத்தி இல்லை. ஆனா விஷயம் என் கிளினிக்கில் இருந்துதான் தொடங்குது.

2/ மீன்பிடித் தடைக்காலம் முடியப் போற நேரம். ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிட்டு வந்தாங்க. அம்மா கடல்பாசி எடுக்கப் போறவங்க. பொண்ணுக்கு 19 வயசு. ரெண்டு மாசமா தலைவலி, தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கலை. (யார்னு தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

3/ பிரஷர் சரியா இருந்துச்சு. கண்ணும் சரி. ரத்தம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். "காலேஜ் எப்படிம்மா போகுது?"ன்னு கேட்டேன். அழுதுட்டா.

4/ வெளியூரில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்திருக்கா. முதல் வருஷத்துக்கு மேல ஃபீஸ் கட்ட முடியலை. நின்னுட்டு, இந்த வருஷம் ஊர்ப் பக்கமே அரசுக் கல்லூரியில் சேரலாம்னு முடிவு. ஆனா பழைய கல்லூரி பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், டி.சி. எதையும் தரலை. மீதி ரெண்டு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிக்கோன்னு பதில்.

5/ மாமா ஒருத்தர் ஊர்ப் பெரியவரைக் கூட்டிக்கிட்டு ரெண்டு தடவை போய்ப் பேசியிருக்கார். "பார்க்கலாம்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. அட்மிஷன் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். நான் கேட்ட ஒரே கேள்வி: "எழுதிக் கொடுத்தீங்களா?" அம்மா சொன்னாங்க: "இல்லைங்க டாக்டர், வாயாலதான் சொன்னோம். எழுதிக் கொடுத்தா அவங்களுக்குக் கோவம் வந்துராதா?"

6/ இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுறேன். நம்ம பக்கத்தில் புகார்னா சண்டைன்னு நினைக்கிறோம். அதனால புகார் கொடுக்காம, ஆள் பிடிக்கிறோம். தெரிஞ்ச பேராசிரியர், கட்சிக்காரர், ஜமாத் தலைவர், பங்குச் சாமியார், சங்கத் தலைவர். யாரும் தெரியாதவங்க வீட்டுப் பிள்ளை படிப்பை நிறுத்திடுது.

7/ ராமேஸ்வரத்தில் நடந்த ஒரு மாணவர் புகாரை உங்க எல்லாருக்கும் தெரியும். அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் எழுதினது. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது புதுசா வந்த ஆசிரியர், கோயில் குருக்கள் மகன் ராமநாத சாஸ்திரி பக்கத்தில் தொப்பி போட்ட முஸ்லிம் பையன் உட்காரக் கூடாதுன்னு கலாமைப் பின் பெஞ்சுக்கு அனுப்பிட்டார்.

8/ ரெண்டு பையன்களும் வீட்டில் போய்ச் சொன்னாங்க. ராமநாதனின் அப்பா லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேளுங்க, இல்லேன்னா பள்ளியையும் தீவையும் விட்டுப் போங்கன்னு சொல்லிட்டார். ஆசிரியர் வருந்தினார், மாறவும் செய்தார்.

9/ இதைப் படிச்சா எல்லாருக்கும் மனசு நிறையும். எனக்கும்தான். ஆனா கூடவே ஒரு கேள்வி வரும். அன்னைக்கு அந்தத் தீவில் சொல்வாக்கு உள்ள ஒரு நல்ல மனுஷர் அந்தப் பிள்ளைகள் பக்கம் நின்னார். நம்ம வீட்டில் ஒரு லட்சுமண சாஸ்திரி இல்லேன்னா?

10/ அதுக்குத்தான் விதி இருக்கு. யு.ஜி.சி. 2023 ஏப்ரலில் கொண்டு வந்த மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகள். இதன்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்கணும். தலைவர் ஒரு பேராசிரியர், உறுப்பினர்கள் நாலு பேர், சிறப்பு அழைப்பாளரா ஒரு மாணவர். குழுவில் ஒருத்தராவது பெண்ணா இருக்கணும். ஒருத்தராவது எஸ்.சி., எஸ்.டி. அல்லது ஓ.பி.சி. பிரிவைச் சேர்ந்தவரா இருக்கணும்.

11/ அதுக்கு மேல, பல்கலைக்கழக அளவில் ஓம்புட்ஸ்பர்சன். தமிழில் குறைதீர்ப்பாளர். ஓய்வு பெற்ற துணைவேந்தர், ஓய்வு பெற்ற மூத்த பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதிதான் இந்தப் பொறுப்புக்கு வர முடியும். உங்க கல்லூரி அந்தப் பல்கலைக்கழகத்தோட இணைந்ததுன்னா உங்களுக்கும் அவர்தான்.

12/ எது எங்க இணைஞ்சிருக்குன்னு பாருங்க. ராமநாதபுரம் சேதுபதி அரசுக் கலைக் கல்லூரி, ராமேஸ்வரம் அப்துல் கலாம் அரசு கலை அறிவியல் கல்லூரி மாதிரி நம்ம மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம். பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகம். மருத்துவம், நர்சிங் பட்டப் படிப்புக்கு தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். பி.எட்.டுக்கு கல்வியியல் பல்கலைக்கழகம். நேரில் போகணும்னு இல்லை. ராமேஸ்வரத்தில் இருந்து காரைக்குடி போய்ட்டு வந்தா ஒரு நாள் கூலி போயிடும். ஆன்லைனில் புகார் கொடுக்க ஒவ்வொரு நிறுவனமும் போர்ட்டல் வச்சிருக்கணும்னு அதே விதி சொல்லுது.

13/ எதுக்கெல்லாம் புகார் கொடுக்கலாம்? சொன்னதை விட அதிக ஃபீஸ் கேட்டா. சான்றிதழைத் தர மறுத்தா. ஸ்காலர்ஷிப் வராம இழுத்தடிச்சா. இட ஒதுக்கீட்டை மீறினா. தேர்வோ ரிசல்டோ அட்டவணையைத் தாண்டித் தள்ளிப் போனா. மதிப்பீட்டில் நியாயம் இல்லேன்னா. விளம்பரத்தில் சொன்ன வசதி இல்லேன்னா. மாணவரைப் பழிவாங்கினா. எல்லாமே பட்டியலில் இருக்கு.

14/ கால வரம்பு முக்கியம், குறிச்சு வச்சுக்கோங்க. போர்ட்டலில் வந்த புகாரை நிறுவனம் 15 நாளுக்குள் தன் கருத்தோடு குழுவுக்கு அனுப்பணும். குழு கூடுமானவரை 15 வேலை நாளில் பரிந்துரை கொடுத்து, உங்களுக்கும் ஒரு நகல் தரணும். முடிவில் திருப்தி இல்லேன்னா 15 நாளுக்குள் ஓம்புட்ஸ்பர்சனுக்கு மேல்முறையீடு. அவர் 30 நாளில் தீர்க்க முயற்சி எடுக்கணும். விசாரணைக்கு உங்களுக்குப் பதிலா ஒரு பிரதிநிதியையும் அனுப்பலாம்.

15/ சரி, எப்படி எழுதுறது? இங்கதான் ஒரு டாக்டரா எனக்குச் சொல்ல ஏதோ இருக்கு. எங்க படிப்பில் நோயாளி வந்து சொல்றதுக்குப் பேரே 'கம்ப்ளெயின்ட்'. கேஸ் ஷீட்டில் முதல் வரியே அதுதான். "வயித்து வலி, மூணு நாளா." அதைக் கேட்டு எந்த டாக்டரும் கோவப்படுறது இல்லை. வலி எங்கன்னு தெரியாம வைத்தியம் பார்க்க முடியாதே.

16/ நோயாளிகிட்ட நாங்க கேட்கிறது நாலு விஷயம். என்ன பிரச்சனை? எப்போ இருந்து? இதுவரை என்ன பண்ணீங்க? இப்போ என்ன வேணும்? உங்க புகாரிலும் இந்த நாலும் இருந்தா போதும். ஒரு பக்கம். "அராஜகம்", "கொள்ளை" மாதிரி வார்த்தைகள் வேண்டாம். தேதியும் தொகையும் இருந்தா அதுவே பேசும்.

17/ அந்தப் பொண்ணு எழுதின கடிதம் ஏறக்குறைய இப்படி: "சேரும்போது பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் அசல்களைக் கொடுத்தேன். படிப்பைத் தொடர இயலாததால் ஏப்ரல் 21, மே 12 ஆகிய தேதிகளில் நேரில் வந்து கேட்டும் கிடைக்கவில்லை. வேறு கல்லூரியில் சேர ஜூன் 30 கடைசி நாள். ஏழு நாட்களுக்குள் அசல்களையும் மாற்றுச் சான்றிதழையும் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்." கீழே பெயர், பதிவெண், கையெழுத்து, தேதி. முடிஞ்சது.

18/ கூட ஒரு தாள் இணைச்சோம். யு.ஜி.சி. 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துட்டுத் திருப்பித் தந்துடணும், கல்லூரி நகலைத்தான் வச்சுக்கலாம்னு அதில் இருக்கு. சான்றிதழ் ஒண்ணும் அடகுப் பொருள் இல்லைன்னு சென்னை உயர் நீதிமன்றமும் பல வழக்குகளில் சொல்லியிருக்கு. கட்டின ஃபீஸைத் திரும்பப் பெறவும் அதே அறிவிப்பில் அட்டவணை இருக்கு. ஆனா சேர்க்கையின் கடைசித் தேதிக்கு அப்புறம் 30 நாள் தாண்டிட்டா ஒண்ணும் திரும்பாது. அதனால விலகுறதா இருந்தா அன்னைக்கே எழுதிக் கொடுங்க.

19/ கொடுக்கிற முறை. ரெண்டு பிரதி எடுங்க. ஒண்ணை அலுவலகத்தில் கொடுத்துட்டு, இன்னொண்ணில் சீல், தேதியோட கையெழுத்து வாங்குங்க. சீல் போட மறுத்தா ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமா வைங்க. அதையே இமெயிலிலும் அனுப்புங்க. போர்ட்டலில் போட்டா புகார் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுங்க. ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு உண்டு: கேஸ் ஷீட்டில் எழுதாதது நடக்காதது. உங்க விஷயத்திலும் அதேதான். ரெண்டு தடவை ஊர்ப் பெரியவர் போனதுக்கு எந்த அத்தாட்சியும் இல்லை.

20/ மார்க் விஷயம் தனி. முதலில் மறுமதிப்பீட்டுக்குப் போங்க. குறிப்பிட்ட முறைகேடோ பாகுபாடோ காட்டாம வெறும் மறுமதிப்பீட்டு மனுவை ஓம்புட்ஸ்பர்சன் எடுக்க மாட்டார். ஆனா உங்க விடைத்தாளை நீங்க பார்க்கிறது உங்க உரிமை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விடைத்தாளும் தகவல்தான்னு உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்பு சொல்லிடுச்சு.

21/ சில விஷயங்களுக்கு இந்தக் குழு வழி இல்லை. பாலியல் தொந்தரவா? உள் புகார்க் குழுவுக்குப் போங்க. மூணு மாசத்துக்குள் எழுத்தில் கொடுக்கணும், 90 நாளில் விசாரணை முடியணும். அடி, மிரட்டல், சாதி சொல்லித் திட்டுறதெல்லாம் குற்றம். அதுக்குப் போலீஸ் இருக்கு, கல்லூரி சமாதானம் பேசி முடிக்கிற வேலை இல்லை. ராகிங்னா 1800-180-5522, 24 மணி நேரமும் எடுப்பாங்க.

22/ ராகிங் பத்திப் பேசினா எங்க தலைமுறை டாக்டர்களுக்கு நாவரசு ஞாபகம் வராம இருக்காது. 1996 நவம்பர், சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, முதலாம் ஆண்டு மாணவர். அப்பா அப்போ சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளையையே செல்வாக்கு காப்பாத்தலை. அந்தக் கொலைக்கு அப்புறம்தான் 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவரும் ராகிங்குக்கு உடந்தைன்னு அந்தச் சட்டம் சொல்லுது.

23/ இப்போ நீங்க மனசுக்குள்ள கேட்கிற கேள்விக்கு வரேன். "புகார் கொடுத்தா இன்டர்னல் மார்க்கில் கை வைப்பாங்களே டாக்டர்?" நியாயமான பயம். அப்படி நடக்காதுன்னு நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனா ஆபத்தைக் குறைக்க வழி இருக்கு.

24/ ஒண்ணு, தனியா போகாதீங்க. ஒரே பிரச்சனை பத்துப் பேருக்கு இருந்தா பத்துப் பேரும் கையெழுத்துப் போடுங்க. ரெண்டு, புகாருக்கு முன்னாடி வரைக்கும் வாங்கின இன்டர்னல் மார்க், வருகைப் பதிவு எல்லாத்தையும் நகல் எடுத்து வைங்க. அதுக்கப்புறம் திடீர்னு மார்க் விழுந்தா அந்தத் தாளே சாட்சி. மூணு, பழிவாங்குறதே தனியா ஒரு புகார் காரணம்.

25/ ஆசிரியர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. பொய்ப் புகாரால் நல்ல ஆசிரியர் ஒருத்தர் நொந்து போறதும் நடக்கும். பொய்யான புகார்னு தெரிஞ்சா கொடுத்தவர் மேலேயே நடவடிக்கைக்குப் பரிந்துரைக்க விதியில் இடம் இருக்கு. அதனால பார்த்ததை எழுதுங்க. கேள்விப்பட்டதை எழுதாதீங்க. தெரிஞ்சது பாதின்னா பாதியை மட்டும் எழுதுங்க.

26/ "எழுதிக் கொடுத்தா மட்டும் எல்லாம் நடந்துருமா?" நடக்காது. 2024 ஜூனில் யு.ஜி.சி. வெளியிட்ட பட்டியலில் 157 பல்கலைக்கழகங்கள் ஓம்புட்ஸ்பர்சனையே நியமிக்காம இருந்துச்சு. அதில் 108 அரசுப் பல்கலைக்கழகங்கள். விதி வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆகியும் இந்த நிலைமை.

27/ இதை விடக் கொடுமையும் பார்த்திருக்கோம். சின்னசேலம் பக்கம் எஸ்.வி.எஸ். யோகா இயற்கை மருத்துவக் கல்லூரி. அதிகக் கட்டணம், வசதி இல்லை, சரியா வகுப்பு இல்லைன்னு மாணவர்கள் போராடினாங்க, கலெக்டர் அலுவலகம் வரை போனாங்க. 2016 ஜனவரியில் அந்தக் கல்லூரி மாணவிகள் மூணு பேர் கிணற்றில் பிணமா எடுக்கப்பட்டாங்க. அவங்க வாய் மூடி இருந்த பிள்ளைகள் இல்லை. அவங்க சொன்னது போய்ச் சேர வேண்டியவங்க காதில் போய்ச் சேரலை.

28/ அதனால கல்லூரி நடத்துறவங்களுக்கும் பல்கலைக்கழக அதிகாரிகளுக்கும் சொல்றேன். "எங்க கல்லூரியில் ஒரு புகார்கூட இல்லை"ன்னு பெருமையாச் சொல்லாதீங்க. ஒரு நோயாளிகூட வராத ஆஸ்பத்திரியைப் பார்த்து ஊரே ஆரோக்கியமா இருக்குன்னு எந்த டாக்டரும் நினைக்க மாட்டார். கதவு பூட்டியிருக்கா, வழி தெரியலையா, வந்தா திட்டுறாங்களான்னுதான் முதலில் பார்ப்பார். இந்தக் கடற்கரையில் படிக்க வர்ற பிள்ளைகளில் பலர் வீட்டிலேயே முதல் பட்டதாரி. ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த வருமானம் நின்ன கையோடதான் உங்க ஃபீஸ் தேதி வருது. தவணை கேட்டு ஒரு பிள்ளை எழுதினா அதை எதிர்ப்பா எடுத்துக்காதீங்க.

29/ அப்பா அம்மாவுக்கு. "வம்பு வேண்டாம், எப்படியாவது படிச்சு முடிச்சிட்டு வந்துரு"ன்னு சொல்றீங்க. பாசத்தில் சொல்றீங்க, தெரியும். ஆனா பிள்ளை அதை எப்படிக் கேட்குதுன்னா, "என்ன நடந்தாலும் எங்ககிட்ட சொல்லாதே"ன்னு கேட்குது. அப்புறம் தலைவலி, வயித்து வலின்னு என்கிட்டதான் வருது. ஸ்கேன் எடுத்தா ஒண்ணும் இருக்காது. முதலில் உட்கார்ந்து முழுசாக் கேளுங்க. அப்புறம் கடிதத்தில் நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க.

30/ தம்பி, தங்கச்சி, உங்களுக்கு ஒண்ணு. பதில் வரலேன்னா அதை உங்க தோல்வின்னு எடுத்துக்காதீங்க. தேதியைப் பாருங்க, அடுத்த படிக்குப் போங்க. குழு, ஓம்புட்ஸ்பர்சன், அப்புறம் யு.ஜி.சி. மருத்துவ மாணவர்களுக்கு தேசிய மருத்துவ ஆணையம் இருக்கு. ஸ்காலர்ஷிப் விஷயம்னா கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டமும் இருக்கு. மனசு தாங்கலேன்னா 14416 அல்லது 104, எந்த நேரமும் பேசலாம். சாகணும் போல தோணினா அதை யார்கிட்டயாவது இப்பவே சொல்லுங்க. அதுவும் ஒரு கம்ப்ளெயின்ட்தான். கேட்கத்தான் நாங்க இருக்கோம்.

31/ அந்தப் பொண்ணு என்ன ஆனா? கடிதம் போனது ஒரு வியாழக்கிழமை. முதல்வருக்கு, நகல் பல்கலைக்கழகத்துக்கு. நாலாம் நாள் அலுவலகத்தில் இருந்து போன் வந்துச்சு. பதினோராம் நாள் சான்றிதழ் எல்லாம் கைக்கு வந்துருச்சு. கட்டின ஃபீஸில் ஒரு பைசா திரும்பலை, கெடு தாண்டியிருந்துச்சு. கேட்ட பாடமும் புதுக் கல்லூரியில் கிடைக்கலை, வேற பாடத்தில் சேர்ந்திருக்கா. முழு வெற்றின்னு சொல்ல மாட்டேன். ஆனா படிக்கிறா. தலைவலிக்கு நான் எழுதிக் கொடுத்த மாத்திரையை அவ முழுசா சாப்பிடவே இல்லைன்னு அம்மா சொன்னாங்க.

32/ இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை செய்ங்க. உங்க கல்லூரி இணையதளத்தைத் திறந்து, குறைதீர்க் குழு உறுப்பினர்கள் யாரு, ஓம்புட்ஸ்பர்சன் யாரு, இமெயில் என்னன்னு தேடுங்க. இணையதளத்திலும் புராஸ்பெக்டஸிலும் இதைத் தெளிவாப் போட்டிருக்கணும்னு விதி இருக்கு. கிடைச்சா வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைங்க. கிடைக்கலேன்னா, அதுதான் நீங்க எழுத வேண்டிய முதல் புகார்.